இரண்டு வருடத்துக்கு அறுபது கிலோ



தொண்டர் சேவைக்காக வெளிநாடு போகக் காத்திருக்கும் ஆசிரியர்கள் சிலர் இன்பொக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "இரண்டு வருடத்துக்கு என்னென்ன கொண்டு போனீர்கள்?" தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கே ஒரே தடவையில் எழுதி விடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வாசிக்க நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக் கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். இருவரும் ஆசிரியர்கள். சம்பளமற்ற லீவில் மலாவிக்கு வந்து பதினான்கு மாதம் முடிந்து விட்டது. மலாவி ஏரியின் தெற்கு முனையில் மங்கோச்சி மாவட்டத்தில் இருக்கிறோம். முஸ்லிம்கள் அதிகமாக வாழும் பகுதி. பாங்கு கேட்டுத்தான் எழும்புகிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் கணக்கு. எங்கள் டிக்கட்டில் ஆளுக்கு 30 கிலோ, கைப்பையில் 7 கிலோ. இருவருக்கும் சேர்த்து 60 கிலோ. ஆனால் அது 60 கிலோ சாமான் அல்ல. வெறும் சூட்கேஸே 4 கிலோ நிற்கும். இரண்டுக்கும் 8 போனால் மீதி 52. சூட்கேஸ் வாங்கும்போது அழகைப் பார்க்காமல் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். கையில் தொங்க விட்டு நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றும் வாங்கிக் கொள்ளுங்கள். கிலோ மிச்சம் இருக்கிறதென்று ஒரே பையில் எல்லாவற்றையும் அடைக்கவும் வேண்டாம். ஒரு பை 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்காது. அதைத் தூக்குகிறவனுக்கும் முதுகு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

உடுப்புக்கு ஆளுக்கு 7 கிலோ வைத்தோம். ஐந்து செட், அவ்வளவுதான். இங்கே சந்தைக்குச் சந்தை பாவித்த உடுப்புகளைக் குவித்து விற்பார்கள், 'கவுஞ்சிகா' என்று பெயர். ஜூன், ஜூலையில் டெட்சா, சொம்பா போன்ற மேட்டுப் பகுதிகளில் நம் நுவரெலியா போல் குளிரும். சுவெட்டரை ஊரிலிருந்து சுமந்து வரத் தேவையில்லை, கவுஞ்சிகாவில் எடுத்துக் கொள்ளலாம். பெண்கள் இடுப்பில் சுற்றும் 'சித்தென்ஜே' துணியை வாங்கிக் கொடுத்தால் தையல்காரர் நீளச் சட்டையாகவே தைத்துத் தருவார். உள்ளாடை, பழகிய சப்பாத்து, கண்ணாடி இந்த மூன்றையும் மட்டும் ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். கண்ணாடி இரண்டு சோடி.

மருந்தை ஒருபோதும் பெரிய பையில் போடாதீர்கள். பெரிய பை ஒரு நாட்டிலும் நீங்கள் இன்னொரு நாட்டிலும் இறங்குவது நடக்கக் கூடியது. பெட்டியோடு, டொக்டரின் ஆங்கிலத் துண்டோடு, கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க்கும் கைப்பையில்தான், பெரிய பையில் போட விதி விடாது. 20,000 எம்ஏஎச் வரை பிரச்சினை இல்லை. இங்கே கரண்ட் அடிக்கடி போகும், அதனால் அது கட்டாயம். நம் நாட்டில் இப்போது வரும் சதுர மூன்று முள் ப்ளக்தான் இங்கும், அடப்டர் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். அந்த நோய் உள்ள நாடொன்றின் விமான நிலையத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கி வந்தால் மலாவியில் அட்டையைக் கேட்பார்கள். உங்கள் பாதையைப் பார்த்து முடிவெடுங்கள். மலேரியா இங்கே தாராளம். ஊரில் மலேரியாவையே மறந்து போன நாங்கள் இங்கே வலைக்குள்தான் தூங்குகிறோம்.

சாப்பாட்டுச் சாமானில்தான் நம்மவர்கள் எல்லோரும் கிலோவைத் தொலைப்பது. கொப்பரா வேண்டவே வேண்டாம். தானாகச் சூடேறித் தீப்பற்றக் கூடியது என்று விமானங்களில் ஆபத்தான பொருளாகக் கணக்கெடுக்கிறார்கள். தேயிலையும் வேண்டாம். மலாவியில் தியோலோ, முலாஞ்சே பக்கம் மலை மலையாகத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மஞ்சள், சீரகம், மிளகாய்த் தூள் எல்லாம் இந்திய வம்சாவளிக் கடைகளில் கிடைக்கும். சந்தையில் புளி இருக்கிறது. ஏரியில் பிடித்துக் காய வைத்த 'உசிப்பா' என்ற சின்ன மீனைப் பொரித்தால் நம் நெத்தலிக் கருவாடு தோற்றுப் போகும். கிடைக்காதது இடியப்ப உரல்தான். அதையும் தட்டுகளையும் கொண்டு வந்தோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு விசயம். கற்பித்தல் சாதனம் என்று ஒரு கிலோ கூடச் சுமக்காதீர்கள். 1994இல் ஆரம்பக் கல்வி இலவசமானதிலிருந்து இங்கே வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. நூறு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நாம் கொண்டு வரும் இருபது பட அட்டை யாருக்குக் காணும்? இங்குள்ள ஆசிரியர்கள் போத்தல் மூடியில் எண்ணக் கற்பிக்கிறார்கள், சோளச் சாக்கை விரித்து அதில் படம் வரைகிறார்கள். கிடைப்பதைக் கொண்டு கற்பிக்கும் இந்த முறைக்கு 'டலுலார்' என்று பெயரே இருக்கிறது. எங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் கிடைக்காத பாடம் இது. அந்தக் கிலோவை அன்பளிப்புக்கு வையுங்கள். நாங்கள் மருதமுனைக் கைத்தறிச் சாறன் பத்துக் கொண்டு வந்தோம். பாரம் இல்லை. இங்குள்ள பெரியவர்கள் அதை உடுத்து ஜும்ஆவுக்கு வரும்போது நம் ஊர்ப் பள்ளி போலவே இருக்கும்.

இப்படி எல்லாம் போட்டு 51 கிலோ வந்தது. மீதி 9 கிலோவை உம்மாவுக்கு என்று முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்தோம். இதை எல்லோருக்கும் சொல்வோம்: வீட்டாரின் பங்கை ஆரம்பத்திலேயே ஒதுக்குங்கள். கடைசி இரவில் அவர்கள் ஆசையாகக் கட்டி வைத்ததைத் தராசில் போட்டு, "இது கூடாது, அது கூடாது" என்று ஒவ்வொன்றாக வெளியே எடுப்பது பெரிய பாவம்.

உம்மா என்றால் எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. வயது எழுபத்தாறு. அவரின் வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். வறுத்த அரிசி மா, சரக்குத் தூள், மாசி என்று பொட்டலம் பொட்டலமாகக் கட்டினார். ஆறரைக் கிலோ வந்ததும் நிறுத்தி விட்டார். "இன்னும் இடம் இரிக்கி உம்மா" என்றோம். "போதும் மகள்" என்று பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஏதும் நடந்தா மையத்த வெச்சிக்கிட்டு உங்கள எதிர்பாத்து இரிக்கச் சொல்லாதீங்க. நேரத்தோட அடக்கிரணும். நீங்க அங்க இருந்து தொழுதா போதும். தம்பிக்கும் சொல்லி வெச்சிட்டன்."

எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. மாதக் கணக்காக நாங்கள் பேசாமல் தள்ளி வைத்திருந்த பேச்சு அது. மங்கோச்சியிலிருந்து லிலொங்வே, அங்கிருந்து விமானம் மாறி மாறிக் கட்டுநாயக்க, பிறகு கல்முனைப் பக்கம். எல்லாம் சரியாக அமைந்தாலும் இரண்டு நாள். நம் வழக்கத்தில் ஜனாஸா இரண்டு நாள் காத்திருக்காது, காத்திருக்கவும் கூடாது. டிக்கட்டோ பணமோ இதற்குப் பதில் இல்லை. அன்றிரவு உம்மா அனுமதி தராமல் இருந்திருந்தால் நாங்கள் வந்திருக்க மாட்டோம்.

டிசம்பரில் உம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, வபாத்தானார். ஊரில் சுபஹு நேரம், இங்கே நடுச்சாமம். எங்கள் கடிகாரம் ஊரை விட மூன்றரை மணித்தியாலம் பின்னால். இங்கே நாங்கள் லுஹர் தொழுது முடிக்கும்போது அங்கே அஸருக்குப் பின் அடக்கமும் முடிந்து விட்டது. இங்குள்ள பள்ளி இமாமிடம் சொன்னோம். இவர்களும் நம்மைப் போல் ஷாபி மத்ஹபுதான். மறைவான ஜனாஸாத் தொழுகைக்கு மூன்று வரிசை நின்றது. ஊரில் மேற்கே திரும்பித் தொழுத நாங்கள் இங்கே கிட்டத்தட்ட வடக்கே திரும்பி நின்று, பெரியம்மாவின் பெயர் கூடச் சரியாகச் சொல்ல வராத மனிதர்களோடு அவருக்காகத் தொழுதோம். பிறகு ஒருவர் வீட்டிலிருந்து 'ந்சிமா'வும் கறியும் வந்தது.

அன்று மாலை உம்மாவுக்குக் கோல் எடுத்தோம். "தொழுதீங்களா?" என்றார். "மூணு சப்பு உம்மா" என்றோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப சரி. அந்த மாவ வண்டு புடிக்க முந்தி அவிச்சித் தின்னுங்க" என்றார்.

ஆகவே போகவிருக்கும் தம்பி தங்கைமாருக்கு: பட்டியலை இதிலிருந்து எடுத்துக் கொள்ளுங்கள், பையை இரண்டு தடவை நிறுங்கள். அதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தவர்களோடு அந்தப் பேச்சைப் பேசி விடுங்கள். அவர்கள் மனம் ஒப்பவில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். தொண்டுக்கு அடுத்த வருடமும் ஆள் தேவைப்படும்.

எங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. உம்மாவின் ஆயுளுக்கும் ஆரோக்கியத்துக்கும் துஆச் செய்யுங்கள்.