விசாகப்பட்டினம்: கரையில் நீர்மூழ்கி, எதிரே விமானம்!

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. சாலையைக் கடந்தால் டியூ-142 விமானம். அதைத் தேடிப் பிடிக்கத்தான் இது செய்யப்பட்டது. இன்று இரண்டுமே அருங்காட்சியகங்கள்!

நான் வேலை பார்த்தது இந்த ரக விமானத்தில். 1988-ல் இந்தியா வந்த டியூ-142 விமானங்களுக்கு, 1992 முதல் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளம்தான் வீடு. 2017-ல் அங்கேயே ஓய்வு பெற்றன. நான்கு இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள். இறக்கையின் அகலம் மட்டும் 50 மீட்டர்.

கிளம்பினால் மணிக்கணக்கில் கடல்தான். 'சோனோபாய்' என்ற உருளைகளைக் கடலில் போடுவோம். அவை மிதந்தபடியே நீருக்கடியில் மைக்கைத் தொங்கவிட்டு, கேட்பதையெல்லாம் ரேடியோவில் அனுப்பும். மழை, மீன், சரக்குக் கப்பல் என எல்லாச் சத்தமும் ஹெட்போனில் வரும். அதற்குள் நீர்மூழ்கியின் சத்தத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பல நாள் ஒன்றும் சிக்காது. "இன்னிக்கு என்ன பார்த்தீங்க?" என்று வீட்டில் கேட்டால், "தண்ணி" என்பேன்.

ஓய்வுக்குப் பிறகுதான் குர்சுராவுக்குள் போனேன். 1969 முதல் 31 ஆண்டுகள் உழைத்த கப்பல். குனிந்துதான் நடக்க வேண்டும். டார்பிடோ பக்கத்திலேயே படுக்கை. சுற்றிப் பார்க்க வந்திருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவரும் முன்னாள் நீர்மூழ்கி வீரர்தான். என் வேலையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"மேலே சுத்துனது நீங்கதானா? பேட்டரி சார்ஜ் பண்ணணும்னா நாங்க மேலே வந்தே ஆகணும். வந்தா உங்க ரேடார்ல மாட்டுவோம். கீழேயே கிடந்தா சத்தம் வரக் கூடாதுன்னு ஃபேனைக்கூட நிறுத்திருவோம். வேர்த்து ஊத்தும். பயிற்சிதான், ஆனா மூச்சு முட்டுறது நெஜம்ணே!"

எங்களுக்கு அது ஹெட்போனில் ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

விசாகப்பட்டினம் போனால் இரண்டையும் பாருங்கள். முதலில் விமானம், பிறகு நீர்மூழ்கி. குர்சுராவுக்குள் குனிந்து நடக்கும்போது, தலைக்கு மேலே ஒரு விமானம் வட்டமடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள்கூடத் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்!