செவுளைப் பார்க்கிற கண்

காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள்; விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள்; அப்புறம்தான் பேரம். வயிற்றுக்குப் போகும் மீனிடம் அவ்வளவு சந்தேகம்! முகத்தில் பூசும் களிம்பிடம் மட்டும் ஏனோ நமக்கு அபார நம்பிக்கை.

அங்கே மீன் விற்கும் அம்மாள் ஒருவர், கல்யாணத்துக்கு நிற்கும் மகளுக்கென்று பியூட்டி பார்லரில் கொடுத்த டப்பாவை என்னிடம் காட்டினார். "பத்தே நாள்ல செவப்பாயிடும்னாங்க, சார்!" டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, லைசென்ஸ் எண்ணும் இல்லை.

அதனால் என்ன என்கிறீர்களா? தோலை வெளுக்க வைக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் ஜில்லாவில் இப்படிப் பூசிக்கொண்ட சிலருக்குச் சிறுநீரக நோய் கண்டிருப்பதை 2023-ல் டாக்டர்கள் வெளிப்படுத்தினார்கள். அங்குள்ள அதிகாரிகளும் கடை கடையாகச் சோதனை போட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி முகக் களிம்பில் பாதரசம் சேர்க்கக்கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக்கூடாது. ஆனால், பெயரே இல்லாத டப்பாவை எந்தத் தொழிற்சாலையில் போய்த் தேடுவது? சோதனை பார்லர் அலமாரி வரை வரவேண்டும். நாமும் லேபிளைக் கேட்டு வாங்கவேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் விரும்பும் நிறத்துக்காக, பெண்ணின் சிறுநீரகத்தையும் சீர்வரிசையில் வைப்பதா? நீங்களே சொல்லுங்கள்!