மூன்றாவது பிரதி

1990களின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டு ஓடியவர்களிற் பலர் மறக்காமல் எடுத்தது காணி உறுதி. அதைத் தொலைத்தவருக்கும் வழியிருந்தது. நொத்தாரிசு மூன்று பிரதிகள் எழுதுவார்: உரியவருக்கொன்று, காணிப் பதிவகத்துக்கொன்று, தம்மிடமொன்று. மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருப்பதில்லை.

2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் மேகக்கணினியைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியபோது இந்தப் பழைய ஏற்பாடுதான் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள். காப்புப்பிரதியும் மூலத்தோடு இணைப்பிலேயே இருந்தமையால் இரண்டும் சேர்ந்தே பூட்டுண்டன. சேவை விரைவில் மீண்டது. மே 17 முதலான மடல்கள் மீளவில்லை.

மெய்நிகர் கணினிகளைப் பராமரிக்கும் தம்பிமார் திரையிற் பச்சை விளக்கைக் காட்டி, 'பிரதி எடுத்தாயிற்று அண்ணை' என்கிறார்கள். வேறொரு வழங்கியில் அதை இயக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.