கூலிவேலை செய்த பாடகர்

கலைஞனின் தகுதியை விற்பனைக் கணக்கால் அளப்பது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். அது பிழையென்பதற்குச் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் ஒருவரே போதிய சான்றாவார். மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பத்திலே, அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் 1942-ல் பிறந்த இவர், கிட்டார் மீட்டி ஏழைத் தெருக்களின் துயரைப் பாடினார். 1970-லும் 1971-லும் வெளிவந்த இரு இசைத்தட்டுகளும் அங்கு விலைபோகவில்லை. கம்பெனியார் கைவிடவே, பழைய வீடுகளை இடிக்கும் வேலைக்குச் சென்றார்.

பின் நிகழ்ந்தது யாது? நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவிலே அவர் பாட்டுக்கள் பரவின. வானொலியில் சில தடுக்கப்பட்டும், ஆட்சியை வெறுத்த வெள்ளை இளைஞர் அவற்றிலே துணிவு கண்டனர். பாடியவர் மாண்டார் என்றும் அங்கே வதந்தி உலவியது. அப்புகழோ பணமோ டெட்ராயிட்டிலிருந்தவரை எட்டவில்லை. இரசிகர்கள் தேடிக் கண்டழைக்க, 1998-ல் அங்கு சென்று ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார்; பின் ஊர் திரும்பிப் பழைய வேலையையே தொடர்ந்தார். 2012-ல் வெளிவந்த திரைப்படம் அவரை உலகறியச் செய்தது. 2023-ல் மறைந்தார்.

உழைத்தவன் பங்கு அவனைச் சேராமை அநீதியென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நாம் வியப்பது வேறொன்று. பாட்டெழுதிய கையால் சுவர் இடிக்க அவர் நாணினாரில்லை. கைத்தொழிலை இழிவென எண்ணுவோர் இதனைச் சிந்திப்பார்களாக!