பிடியும் பிடிமானமும்

கல்கத்தாவின் டாக்குரியா ஏரிக்கென்று ஒரு காலைச் சத்தம் உண்டு. எட்டுத் துடுப்புகள் ஒன்றாகத் தண்ணீரை விட்டு எழும். கொண்டியில் 'டக்' என்று ஒரே சமயத்தில் திரும்பும். காக்கை விழிப்பதற்கு முன்பே அது எங்கள் தெருவரை கேட்கும். 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் இந்தச் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கியது. அள்ளிய மண்ணைப் போட்டுச் சுற்றியிருந்த தாழ்ந்த நிலத்தை மேடாக்கினார்கள். 1958-ல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறிய பிறகும் வயதானவர்களுக்கு அது 'லேக்'தான். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கித் திரும்பும் தமிழர்களுக்கும் அப்படியே.

கரையோரம் வரிசையாகப் படகுச் சங்கங்கள். ஏரி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1858-ல், தொடங்கிய கல்கத்தா ரோயிங் கிளப்பும் அவற்றில் ஒன்று. எட்டுப் பேர் வலிக்கும் பந்தயப் படகு 17 மீட்டருக்கும் மேல் நீளம். அதன் சுக்கானோ உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இரண்டு மெல்லிய கயிறுகளைக் கையில் வைத்துக்கொண்டு 'காக்ஸ்' என்கிற சின்ன உருவம் அத்தனை பேரையும் நேராகக் கொண்டுபோகும். கயிறு கொஞ்சம் தளர்ந்தால் போதும், படகு பாம்பாக நெளியும். சுக்கானில் ஆட்டம் இருந்தால் தோளில் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை என்று நான் கற்றது இந்தக் கரையில் உட்கார்ந்துதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது பந்தயப் படகைப் பற்றி அல்ல. அதன் பின்னால் போகும் மோட்டார் படகைப் பற்றி.

2022 மே 21, சனிக்கிழமை. மாலையில் கால்பைசாகி அடித்தது. கோடையில் வடமேற்கிலிருந்து திடீரென்று வரும் புயல்மழைக்கு வங்காளத்தில் அதுதான் பெயர். ஏரியில் பயிற்சியில் இருந்த படகு கவிழ்ந்து இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு சில காலம் அந்த 'டக்' சத்தம் கேட்கவில்லை. துடுப்புப் படகுகள் மறுபடி இறங்கியபோது, எல்லார் வாயிலும் மீட்புப் படகு என்ற சொல் இருந்தது. முன்பு அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அப்படி ஒரு சின்ன ஃபைபர் படகின் ஸ்டீரிங் ஆடுகிறது, வந்து பாருங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். முப்பது வருஷம் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்த்தவன் என்பதால் இப்படி எல்லாம் அழைப்பு வரும். போய்ப் பார்த்தேன். ஓட்டுகிறவரின் உயரத்துக்கு ஏற்ப மேலும் கீழும் சாய்த்துக்கொள்ளும் 'டில்ட்' வகைச் சக்கரம். தொட்டால் கிழவர் பல் மாதிரி ஆடியது. எனக்கு முன்பே பலர் வைத்தியம் பார்த்திருந்தார்கள். ஒருவர் நடு நட்டை முறுக்கி அதன் முனைகளை மழுக்கியிருந்தார். இன்னொருவர் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். நானும் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன்.

"காக்கு, கொஞ்சம் இருங்கள்" என்றான் சங்கத்துக்கு வேலை செய்யும் மிஸ்திரி. அவனுடைய 'மிஸ்திரி'க்கும் நம் ஊர் 'மேஸ்திரி'க்கும் போர்த்துக்கீசியச் சொல் ஒன்றுதான் தாய். அந்த உரிமையில் நானும் ஒதுங்கி நின்றேன்.

அவன் எந்தக் கருவியையும் தொடவில்லை. இடது கையால் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். வலது கையால் சக்கரத்தை ஆட்டினான். கழுத்து அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் கோளாறு நடு நட்டிலோ, தண்டில் சக்கரத்தைப் பூட்டும் கீயிலோ இருக்கும். கழுத்தும் சேர்ந்து ஆடி, அடித்தட்டு நிலையாக நின்றால் சாய்க்கும் மூட்டில். எல்லாமே சேர்ந்து ஆடினால், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் போல்ட்டுகளில். மூன்று கேள்விகள், ஒரு நிமிஷம். எங்கள் படகுக்கு விடை இரண்டாவது, மூன்றாவதும் கொஞ்சம். இத்தனை நாள் எல்லாரும் முறுக்கிக்கொண்டிருந்த நடு நட்டுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சக்கரத்தைக் கழற்றி மூட்டைப் பிரித்தோம். உள்ளே பல் வெட்டிய ஒரு தகடு. எந்த உயரத்தில் நிறுத்துகிறோமோ, அந்தப் பல் இடுக்கில் கொக்கி போய் உட்கார வேண்டும். ஸ்பிரிங் அதை விடாமல் அழுத்த வேண்டும். பழைய கிரீஸும் தூசியும் கெட்டிப்பட்டுக் கொக்கி பாதி ஆழத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் மூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் புஷ்கள் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. தேய்மானம் சுற்றிலும் ஒரே சீராக இல்லை. இரண்டு புஷ்ஷிலும் ஒரே பக்கம். அதைத்தான் மிஸ்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது ஓட்டித் தேய்ந்தது இல்லை. இழுத்துத் தேய்ந்தது" என்றான்.

ஓட்டும்போது சக்கரத்தின் மீது விழும் விசை சுற்றும் விசை. அது மூட்டை அவ்வளவு வருத்தாது. படகில் கால் வைக்கிறவர், சீட்டிலிருந்து எழுகிறவர், அலையில் தடுமாறுகிறவர் எல்லாரும் கைக்கு முதலில் அகப்படும் சக்கரத்தைப் பற்றி, தங்கள் முழு எடையையும் அதில் தொங்கவிடுகிறார்கள். அறுபது எழுபது கிலோ, ஒரே திசையில், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. பிடி வேறு, பிடிமானம் வேறு. திசை காட்ட வைத்ததைக் கைப்பிடிச் சுவராக ஆக்கியிருந்தோம்.

"பேசாமல் வெல்டிங் வைத்துவிடலாமே" என்றார் ஒருவர். மிஸ்திரி தலையாட்டி மறுத்தான். காலையில் ஓட்டும் பயிற்சியாளர் ஆறடி, நின்றுகொண்டு ஓட்டுகிறவர். மாலையில் ஓட்டும் பெண் சீட் நுனியில் உட்கார்ந்தால்தான் கால் தரையில் படும். சக்கரம் நகர வேண்டும். நாம் கேட்கும்போது மட்டும் நகர வேண்டும். அசையாமல் செய்வது சுலபம். அளவோடு அசைய வைப்பதுதான் வேலை.

லேத் பட்டறையில் நைலானில் இரண்டு புஷ் கடைந்து வாங்கினோம். கொக்கியையும் பல்லையும் மண்ணெண்ணெயில் கழுவினோம். ஸ்பிரிங்கை மாற்றினோம். பின்பக்க போல்ட்டுகளுக்கு அகலமான வாஷர் கொடுத்தோம். இல்லையென்றால் ஃபைபர் நசுங்கி மறுபடி தளரும். நட்டுகள் எல்லாம் நைலான் வளையம் வைத்த புதிய நட்டுகள், அதிர்வில் கழலாது. மூட்டின் போல்ட்டை மட்டும் மிஸ்திரி கால் சுற்று முறுக்குவான், நெம்புகோலைத் தட்டிப் பார்ப்பான், மறுபடி ஒரு இழை முறுக்குவான். ஆட்டம் நின்று, சாய்வது நிற்காத ஒரு இடம் வந்ததும் கையை எடுத்தான். நடு நட்டையும் புதிதாகப் போட்டுவிட்டு, சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றிப் பார்த்தோம். பின்னால் மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது.

வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். அவன் எழவில்லை. மாடிப்படிக்குப் போடும் எவர்சில்வர் குழாயில் ஒரு முழம் வாங்கி வந்திருந்தான். அதை வளைத்து, சீட்டுக்குப் பக்கத்தில், ஏறுகிறவர் கை இயல்பாகப் போகும் உயரத்தில் பொருத்தினான். நான் எழுதிய சாமான் பட்டியலில் அது இல்லை.

வங்காள மொழியில் சுக்கானுக்கு 'ஹால்' என்று பெயர். மனம் தளர்ந்து ஒன்றைக் கைவிடுவதை 'ஹால்' விட்டுவிடுவது என்பார்கள். பொறுப்பை ஏற்பது, 'ஹால்' பிடிப்பது. பிடிப்பதற்கும் விடுவதற்கும் அந்த மொழியில் வழக்கு இருக்கிறது. அதில் சாய்ந்துகொள்வதற்கு ஒன்றும் இருப்பதாக நான் கேட்டதில்லை. 'மாஜி' எனப்படும் படகோட்டிகள் நிறைந்த நாட்டில் அதற்குத் தேவை வந்திருக்காது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே, மேற்கே கறுத்து வரும் வானத்தைப் பார்த்தபடி, கரைக்கு இறங்கக் காலைத் தூக்கினேன். படகு லேசாக அசைந்தது. மிஸ்திரி ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பார்த்தான். அது புதுக் குழாயைத் தாண்டிப் போய்ச் சக்கரத்தைப் பற்றியிருந்தது.