பயணிக்கு அறை இருக்கு, டீச்சருக்கு இல்லை

எரிமலைப் பாடம் வந்தால், புவியியல் படிப்பிக்கும் நாங்கள் அனேகம் பேர் பிள்ளைகளுக்குக் காட்டுவது சன்டோரினியின் படத்தைத்தான். வெள்ளை வீடுகள், நீலக் குவிமாடங்கள், கீழே ஆழக் கடல். கலண்டரில் எல்லோரும் கண்ட படம். அந்தப் படத்தில் தெரியாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அங்கே படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களுக்கு இருக்க வீடு கிடைப்பதில்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் சைக்லாடிஸ் என்றொரு தீவுக் கூட்டம். டெலோஸ் என்ற சின்னத் தீவைச் சுற்றி வட்டமாகக் கிடப்பதால் அந்தப் பெயர். 200க்கு மேற்பட்ட தீவுகள் இருந்தாலும் ஆட்கள் குடியிருப்பது கொஞ்சத்தில்தான். தென் ஓரத்தில் இருப்பது சன்டோரினி. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி உள்ளே இறங்கி, கடல் புகுந்தது. மிஞ்சியது பிறை வடிவத்தில் ஒரு செங்குத்து மலை விளிம்பு. சில இடங்களில் அதன் உயரம் 300 மீற்றர். ஆறு கிடையாது, மழையும் குறைவு, கோடையில் வடகாற்று விடாமல் அடிக்கும். அதனால் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றாமல் தரையிலேயே கூடை மாதிரிச் சுற்றி வளர்ப்பார்கள். காற்றுப் படாமல் பழம் கூடைக்குள் இருக்கும்.

வெனிஸ்காரர்கள் ஆண்ட தீவுகள் இவை. 1537இல் பார்பரோசா ஹைருத்தீன் பாஷாவின் கப்பற்படை வந்த பிறகு ஒவ்வொன்றாக உஸ்மானிய ஆட்சிக்குள் வந்தன. பின்னர் கிரேக்கம் தனி நாடானபோது அதோடு சேர்ந்தன. சன்டோரினியின் எரிமலைச் சாம்பலைத் தோண்டிக் கப்பலேற்றி, சுயஸ் கால்வாய் வேலைக்குச் சீமெந்துக் கலவையில் சேர்த்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அதே சாம்பல் பாறைதான் ஏழைகளுக்கு வீடும் கொடுத்தது. மெதுவான பாறை என்பதால் குடைவது லேசு, மரமும் கல்லும் தேவையில்லை. ஓயா என்ற ஊரில் மேலே கப்பல் கப்டன்மாரின் மாளிகைகள், கீழே மலைச்சரிவில் கப்பலில் வேலை செய்தவர்களின் குகை வீடுகள். 1956 ஜூலை 9ஆம் திகதி வந்த பூமியதிர்ச்சியில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீடுகள் இடிந்தன. ஏராளமானோர் தீவை விட்டே போய்விட்டார்கள். 1970களில் கைவிடப்பட்ட குகை வீடுகளை அரசாங்கம் திருத்தி, பயணிகள் தங்கும் அறைகளாக ஆக்கத் தொடங்கியது. ஏழைகள் குடைந்த அதே வீடுகளில் இன்று ஓரிரவுக்குப் பல நூறு யூரோ.

தீவின் நிரந்தரக் குடிகள் சுமார் 15,000 பேர். வருடத்துக்கு வந்து போகிறவர்கள் 30 இலட்சத்துக்கும் மேல்.

இப்போது ஒரு டீச்சரின் கணக்கைப் பாருங்கள். கிரேக்கத்தில் ஒரு வருடத்துக்கு மட்டும் நியமனம் பெறும் பதில் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். செப்டம்பரில் பாடசாலை தொடங்கும் நேரம் எந்தத் தீவு என்று தெரியவரும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். செப்டம்பரிலும் அங்கே சீசன் முடிந்திருக்காது. அறை கிடைத்தாலும், அடுத்த சீசன் தொடங்கும்போது காலி பண்ணித் தரவேண்டும் என்பதுதான் பல வீட்டுக்காரரின் பேச்சு. பாடசாலையோ ஜூன் வரைக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கையில் கிடைக்கும் சம்பளம் மாதம் 1,000 யூரோவைத் தொடாது. வீடு கிடைக்காமல் காரில் தூங்கிய ஆசிரியர்களைப் பற்றியும், நியமனமே வேண்டாம் என்று விட்டவர்களைப் பற்றியும் செய்திகள் வந்திருக்கின்றன. டொக்டர்மாருக்கும் இதே கதைதான்.

கல்வியியற் கல்லூரி முடித்து முதல் நியமனத்தில் தூர ஊருக்குப் போனவர்களுக்கு இது நன்றாக விளங்கும். நாளைக்கு இரண்டு தரம் மட்டும் பஸ் வரும் ஊருக்கு நாங்கள் போனபோது, படிக்கும் பிள்ளை ஒருவரின் உம்மாதான் முன்னறையை ஒழித்துத் தந்தார். காலையில் தேத்தண்ணியும் ரொட்டியும் வரும். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, “புள்ளைகளுக்கு நல்லாப் படிச்சுக் குடுங்க, அது போதும்” என்றார்.

அந்த முன்னறைக்கு, நாலு இரவுக்கு எங்களுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தர ஒருவர் வாசலில் வந்து நின்றிருந்தால்? அந்தத் தாத்தாவுக்கும் கடன் இருந்தது, கட்டி முடிக்காத சுவர் இருந்தது. அவர் அறையை அவருக்குக் கொடுத்திருந்தாலும் நாங்கள் குறை சொல்லியிருக்க மாட்டோம். சன்டோரினி வீட்டுக்காரரையும் அப்படித்தான் பார்க்கிறோம். அவருடைய உம்மா வாப்பா காலத்தில் அந்த மண்ணில் பிழைக்க வழியில்லாமல் ஊரே காலியானது. இன்று வருகிற காசை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்?

அதனால்தான் இதைத் தனி ஆட்களின் நல்ல மனதில் விட முடியாது. 2025இல் கப்பல் பயணிகளை நாளொன்றுக்கு 8,000 பேர் என்று மட்டுப்படுத்தினார்கள். அதே வருடம் ஜூலையிலிருந்து சீசன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கும் ஒருவரிடம் 20 யூரோ எடுக்கிறார்கள். தெருவில் நெரிசல் குறையலாம். ஆனால் அந்தப் பயணிகள் இரவில் கப்பலிலேயே தூங்குகிறவர்கள், அவர்களைக் குறைத்தால் டீச்சருக்கு அறை வராது. பாடசாலைக்குப் பக்கத்தில் பத்து அறையுள்ள ஓர் ஆசிரியர் விடுதி கட்டினால் வரும். வகுப்பில் இருக்கப்போவது அந்த ஹோட்டல்காரரின் பிள்ளையும்தானே.

நம் நாட்டிலும் எல்ல, அறுகம்பை, மிரிஸ்ஸ பக்கம் அறைகள் கூடிக்கொண்டு போகின்றன. அங்கே படிப்பிக்கிற சேர்மார், டீச்சர்மார் யாராவது இதை வாசித்தால் கீழே எழுதுங்கள். சீசன் நேரம் உங்களுக்குப் போடிங் கிடைக்கிறதா? என்ன வாடகை? ஆசிரியர் விடுதி இருக்கிறதா, இருந்தால் கூரை ஒழுகாமல் இருக்கிறதா?