கரிக்கோச்சி

வேல்ஸின் கடற்கரை ஊரான டவினிலிருந்து வெளிக்கிடுகிற டலிலின் ரயிலில் ஏறினோம். கரிப்புகை, சின்னச் சின்னப் பெட்டிகள், இரண்டு பக்கமும் செம்மறிகள். மொத்தம் ஏழே கால் மைல்.

கூரைக்குப் போடுகிற சிலேற் கல் ஏற்றுவதற்காக 1865இல் வந்த பாதை இது. 1946இல் குவாரி மூடுப்பட்டது. 1950இல் முதலாளியும் செத்துப்போனார். கதை அதோட முடிஞ்சிருக்கும். ஆனால் டொம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் கூட்டாளிகளும் சங்கம் அமைத்து, 1951இல் தாங்களே ரயிலை ஓட்டினார்கள். தொண்டர்கள் காப்பாற்றிய உலகின் முதல் ரயில்பாதை இதுதான்.

எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்ட பெடியனுக்கு எங்கட வயதுதான் இருக்கும். சம்பளமில்லாமல் ஏன் இந்தப் பாடு என்று கேட்டோம். சிரித்தான். "நிப்பாட்டினா, ஓட்டத் தெரிஞ்ச ஆக்களும் இல்லாமப் போயிடுவினமே" என்ற மாதிரி ஒரு பதில்.

எங்கட வடக்குப் பாதையில் 1990க்குப் பிறகு தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தது. அம்மம்மா இப்பவும் அதைக் கோச்சி எண்டுதான் சொல்லுவா. கரிக்கோச்சியில் கொழும்புக்குப் போன கதை அவவிடம் இருக்கு. ஒருநாளும் நாங்கள் அதை ஒழுங்காக இருந்து கேட்டதில்லை. தண்டவாளத்தைத் திரும்பப் போடலாம்.

ஊருக்குப் போனதும் முதல் வேலை அதுதான்.